எழுநூற்று ஐம்பதில் என் பங்கு

கணக்கு சார் காலமான அன்று எனக்கு வந்த முதல் தனிச்செய்தி, "இருபத்தேழு, குரூப் பாத்தியா? சார் போயிட்டாரு லா" என்பதுதான். அனுப்பியவன் ஒன்னேகால். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது, எனக்குப் பேரன் இருக்கிறான். ஆனாலும் நம் பள்ளி செட்டுக்கு நான் இருபத்தேழு, அவன் ஒன்னேகால். பழைய மாணவர் மலருக்கு சாரைப் பற்றி எழுதச் சொல்லிச் செயலாளர் கேட்டபோதே, ஆளுக்கு ஆள் அந்தப் பட்டப்பெயர்க் கதையைத்தான் எழுதுவீர்கள் என்று தெரிந்தது. எழுதுங்கள். நான் அதன் இரண்டாம் பாதியை எழுதுகிறேன். அது உங்கள் யாருக்கும் தெரியாது.

முதல் பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978, பினாங்கில் நம் பள்ளி, ஐந்தாம் படிவம், அடிஷனல் மேத்ஸ். மாடி மூலை வகுப்பு, கேண்டீனிலிருந்து மீ கோரேங் வாசனை ஏறி வருகிற பாடவேளை. சார் கரும்பலகையில் இரண்டு வரிசை எண்களை எழுதினார். மேலே 58, 60, 62, 59, 61, 60. கீழே 30, 90, 45, 85, 25, 85. முந்தின வருஷத்து மாதப் பரிட்சை மதிப்பெண்கள். மேலே இருந்தவை ஒன்னேகாலுடையவை, கீழே என்னுடையவை. பெயர் போடவில்லை. போடவேண்டிய தேவையும் இல்லை, என் ரிப்போர்ட் கார்டு அவ்வளவு பிரபலம்.

இரண்டுக்கும் சராசரி 60. அப்படியென்றால் இரண்டு பையன்களும் ஒன்றா என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரியதில் சிறியதைக் கழித்து வீச்சு எடுத்தார். அவனுக்கு 4, எனக்கு 65. ஆனால் வீச்சு இரண்டு ஓரங்களை மட்டும்தான் பார்க்கும், நடுவில் நான்கு பரிட்சை எழுதியதே அதற்குத் தெரியாது என்றார். சரி, ஒவ்வொரு மதிப்பெண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்துக் கூட்டினால்? கூட்டினோம். பூஜ்யம். எந்தப் பையனுக்குக் கூட்டினாலும் பூஜ்யம்தான், சராசரி என்பதே அப்படிச் சமன் செய்கிற இடம்தானே. அதனால் விலகல்களை வர்க்கமாக்கி, கூட்டி, ஆறால் வகுத்தார். எனக்கு 4500-ஐ ஆறால் வகுக்க 750. அதுதான் மாறுபாடு. ஆனால் அது மதிப்பெண்ணின் வர்க்கத்தில் நிற்கிறது, வர்க்கமூலம் எடுத்தால்தான் மறுபடி மதிப்பெண்ணாகும். அதற்குத் திட்டவிலக்கம் என்று பெயர். எனக்கு 27.4. அவனுக்கு 1.3-க்குக் கொஞ்சம் குறைவு. பட்டப்பெயர்கள் வந்தது அங்கிருந்துதான்.

சார் பாடம் நடத்துவது ஆங்கிலத்தில், திட்டுவது மட்டும் தமிழில். சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இவனை நம்பி யாராவது பெர்ரி ஏறுவீங்களா?"

தமிழ்ப் பையன்கள் உடனே சிரித்தார்கள். ஒன்னேகால் நல்ல மனதோடு மொழிபெயர்த்துச் சொன்னதும் சீனப் பையன்களும் மலாய்ப் பையன்களும் சிரித்தார்கள். அந்த இரண்டாவது சிரிப்புதான் அதிக நேரம் நீடித்தது.

இனி உங்களுக்குத் தெரியாத பகுதி.

பங்குனி உத்திர வாரம். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் பக்கம் என் மாமாவின் பூக்கடை இருந்தது சிலருக்கு நினைவிருக்கும். திருவிழா வந்தால் நான் பட்டர்வொர்த்தில் வீட்டுக்குப் போகமாட்டேன், கடையிலேயே படுக்கை. படுக்கை என்பது பேச்சுக்குத்தான். ராத்திரி முழுக்க வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு செவ்வந்தி கட்டுவோம். விடியும்போது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பச்சைக் கறை பிடித்துக் கிடக்கும், பேனா பிடித்தால் வழுக்கும். அன்று பத்து மணி இருக்கும், கடை வாசலில் சார் நிற்கிறார். கோயிலுக்கு வந்தவர் என்று நினைத்து மாமா, "வாங்க சார், மாலையா, உதிரியா?" என்றார். சார் என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் பூ மடிக்கிற நாளிதழ்த் தாள் ஒன்றை எடுத்து என் ஆறு மதிப்பெண்களை எழுதினார். மனப்பாடமாக வைத்திருந்தார்! ஒவ்வொன்றின் கீழும் பரிட்சை நடந்த தேதி. "தம்பி, 30 வாங்கினியே, அதுக்கு முந்தின நாள் என்ன?" தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற மாலைகளுக்காக ஒரு வாரமாகத் தூக்கமில்லை. 45, பங்குனி உத்திரம். 25, நவராத்திரி. ஆறையும் இரண்டாகப் பிரித்தார். பூக்கட்டிய மூன்றுக்கும் சராசரி 33 சொச்சம். வீட்டில் தூங்கி எழுந்த மூன்றுக்கும் 87-க்குக் கிட்டே. அந்த இரண்டும் 60-ஐ விட்டு எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதால் வந்த மாறுபாடு 711. பிரித்த பிறகு அந்தந்தக் கூட்டத்துக்குள்ளேயே மிஞ்சுகிற மாறுபாடு 39. கூட்டினால் அதே 750.

"எழுநூத்தைம்பதுல எழுநூத்திப் பதினொண்ணு உன் மாமா கடைக்கு. முப்பத்தொன்பதுதான் உனக்கு," என்றார். நன்றாகத் தூங்கிய மூன்று பரிட்சைகளை மட்டும் எடுத்தால் என் திட்டவிலக்கம் இரண்டரைக்கும் கீழே. நானும் கிட்டத்தட்ட ஒரு ஒன்னேகால்தான்.

மாமாவிடமும் பேசினார். மாமா மரியாதையாகக் கேட்டு, கோப்பி வாங்கிக் கொடுத்து, ஒரு முழம் மல்லிகையும் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, "உக்காரு, இன்னும் நாப்பது மாலை இருக்கு" என்றார். பூக்கடைக்காரருக்கு உத்திரம் வருஷத்தில் ஒரு நாள்தான், அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வருஷம் அடிஷனல் மேத்ஸ் மாதப் பரிட்சை மட்டும் அடிக்கடி ஒரு வாரம் தள்ளிப் போனதே, ஞாபகம் இருக்கிறதா? சைக்ளோஸ்டைல் மெஷின் கெட்டுவிட்டது என்று நாம் பேசிக்கொண்டோம். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

வகுப்பில் மட்டும் அவர் கடைசிவரை எதையும் திருத்திச் சொல்லவில்லை. 27.4-ஐ நாற்பது பேர் முன்னால் எழுதியவர், 711-ஐ எனக்கு மட்டும், அதுவும் பூத்தாளில் எழுதிக் காட்டினார். நன்றியோடு நினைக்கும் மனுஷரைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்றால், சொல்லத்தான் வேண்டும்.

பிற்பாடு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். தடையற்ற வணிக வட்டாரம் 1972-ல் திறந்ததிலிருந்து நம் தீவுப் பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கேதானே போனோம். அங்கே பயிற்சியில் சொன்னார்கள்: கையில் இருப்பது மாதிரி மட்டும்தான் என்றால் ஆறால் வகுக்காதே, ஐந்தால் வகு. சராசரியையும் அதே ஆறு எண்ணிலிருந்து எடுப்பதால் விலகல்கள் உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும், அதைச் சரிக்கட்டத்தான். 4500-ஐ ஐந்தால் வகுத்தால் 900, வர்க்கமூலம் சரியாக 30. ஆக, சாஸ்திரப்படி என் பட்டப்பெயர் முப்பது. குழுவில் யாரும் ஏற்கமாட்டீர்கள், தெரியும்.

அங்கேதான் கட்டுப்பாட்டு வரைபடமும் கற்றேன். 1924-ல் அமெரிக்காவில் ஷூஹார்ட் என்பவர் தொலைபேசிக் கருவித் தயாரிப்புக்காகக் கொண்டுவந்தது. அளவுகளை நேர வரிசையில் வைத்து, மேலும் கீழும் எல்லைக்கோடு போடுவது. உள்ளே ஆடுகிற ஆட்டம் அந்த வேலையின் இயல்பு, வெளியே போனால் எழுந்துபோய்க் காரணம் தேடு. என் மதிப்பெண்களை அதில் போட்டுப் பார்த்தேன். ஆறும் எல்லைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டன! அந்த வரைபடத்திடம் நான் அகப்பட்டிருக்கவே மாட்டேன். சாரிடம் அகப்பட்டது, அவர் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டதால். மாறுபாட்டை இப்படிக் காரணங்களுக்குப் பங்கு போடலாம் என்று 1918-லேயே ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் எழுதிவிட்டார். அதை சார் படித்திருந்தாரா என்று கேட்க ஆசை இருந்தது.

கேட்க வாய்ப்பு அமையவில்லை. 1985-ல் பினாங்குப் பாலம் திறந்த வருஷமே பொருளாதார மந்தமும் வந்தது, தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு. அடுத்த வருஷம் நான் மெல்பர்னுக்கு வந்துவிட்டேன். நல்ல வேலை, நல்ல வீடு, குறையொன்றும் சொல்வதற்கில்லை. ஓய்வு பெற்ற சாரோடு பினாங்கு ஸ்திரீட்டில் கோப்பி குடித்த படங்களை நீங்கள் குழுவில் போடும்போது பெரிதாக்கிப் பார்ப்பேன். தொலைபேசியில் ஒருமுறை பேசினோம். காது மந்தமாகிவிட்டது, யார் பேசுவது என்று பிடிபடவில்லை. "இருபத்தேழு, சார்" என்றேன். "தூங்குறியா ஒழுங்கா?" என்று கேட்டார்.

சார் பெயரில் உதவித்தொகை தொடங்குவதாக அறிவித்திருக்கிறீர்கள், என் பங்கை அனுப்பிவிட்டேன். விண்ணப்பப் படிவத்தில் ஆண்டுச் சராசரிக்கு ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. தேர்வு வாரியாக மதிப்பெண்ணும் தேதியும் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு மதிப்பெண் ஏறி இறங்கினால் குழுவில் யாராவது மோட்டாரை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கோ கடைக்கோ போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். என்னை வேண்டுமானால் படிவம் சரிபார்க்கப் போடுங்கள். போய்ப் பார்க்கிற வேலையை ஊரில் இருக்கிற ஒருவர்தான் செய்யவேண்டும்.