எவ்வளவு வரும்மா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பல் கிளினிக் வேலைக்கு வந்து 18 வருஷம் ஆகிறது. கவுண்டரில் இருப்பதும் நான்தான், உள்ளே டாக்டருக்குக் கைவேலை செய்வதும் நான்தான். டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வெளியே வருகிறவர்கள், கதவு சாத்தினதும் என் பக்கம் குனிந்து கேட்பார்கள்: "எவ்வளவு வரும்மா?" சொன்னால், அடுத்த கேள்வி வரும்: "நெசமாவே செய்யணுமா, இல்ல காசுக்குச் சொல்றாங்களா?"

இந்த இரண்டாவது கேள்வி டாக்டருக்கு அவமரியாதை என்று ஆரம்பத்தில் நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பாட்டி.

அப்போது வேறொரு கிளினிக்கில் இருந்தேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன கை அவருக்கு. பல் பிடுங்க எவ்வளவு என்று பேரன் போனில் கேட்டபோது 80 வெள்ளி (ரிங்கிட்) என்று சொன்னது நான்தான். பிடுங்கும்போது வேர் உடைந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்து, ஈறைக் கீறி, வேரை எடுத்துத் தையல் போட்டார்கள். வைத்தியத்தில் குறை இல்லை. ஆனால் நடுவில் கொஞ்சம் நிறுத்தி, "பாட்டி, செலவு கூடும், செய்யலாமா?" என்று யாரும் கேட்கவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்தவரிடம் 320 வெள்ளிக்கு பில்லை நீட்டினேன். வாயைத் திறந்து ஏன் என்று கேட்கக்கூட அவரால் முடியாது. சுருக்குப் பையை அவிழ்த்து, நான்காக மடித்த நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் நீவி வைத்தார். 130 இருந்தது. மீதியைச் சம்பளம் போட்ட அன்றைக்கே பேரனிடம் கொடுத்தனுப்பினார், ஒரு காசு குறையாமல். அதற்கப்புறம் அவர் வரவில்லை. அந்தத் தோட்டத்திலிருந்தே யாரும் வரவில்லை.

நாங்கள் அவரை ஏமாற்றவில்லை. ஆனால் ஏமாந்துபோனதாக அவர் நினைத்தாரே, அதில் தப்பும் இல்லை.

இப்போது நான் இருக்கும் இடத்தில் டாக்டர் நாற்காலியைச் சாய்ப்பதற்கு முன்னாலேயே விலையைச் சொல்லிவிடுகிறார். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, சொத்தை எங்கே இருக்கிறதென்று அவர்களையே பார்க்க வைக்கிறார். நான் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன்: அடைத்தால் இவ்வளவு, ரூட் கெனால் (வேருக்குள் சுத்தம் செய்து அடைப்பது) என்றால் இவ்வளவு, பிடுங்கினால் இவ்வளவு, இப்போதைக்கு விட்டால் என்ன ஆகும். அரசாங்கப் பல் கிளினிக்கில் 1 வெள்ளிக்குப் பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுவோம். இப்படிச் சொன்னால் ஆள் போய்விடுவார்களே என்று முதலில் எனக்குப் பயம். சிலர் போகத்தான் செய்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அடுத்த முறை பிள்ளைகளோடு இங்கேயே வந்தார்கள்.

ரூட் கெனாலுக்கு விலை ஏன் அவ்வளவு என்பதும் கண்ணால் பார்த்தால்தான் புரியும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர், பெரும்பாலும் அவற்றுக்குள் மூன்று குழாய். தலைமுடி கனத்தில் இருக்கும் அந்தக் குழாய்க்குள் ஊசி மாதிரியான ஃபைல்களை ஒவ்வொன்றாக விட்டு டாக்டர் சுரண்டுவார். வெள்ளைப் பிடி, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வரிசையாக எடுத்துக் கொடுப்பது என் வேலை. உள்ளே ஒன்று முறிந்துவிட்டால் பெரிய பாடு. அதனால் முறுக்கு கொஞ்சம் தளர்ந்து தெரிந்தாலே தூக்கிப் போட்டுவிடுவோம். மற்ற சாமான்களைக் கழுவி, பையில் ஒட்டி, ஆட்டோகிளேவ் என்கிற கிருமி நீக்கும் பெட்டியில் 134 டிகிரி நீராவியில் வேக வைப்போம். யாராவது கேட்டால் உள்ளே கூட்டிப் போய்க் காட்டுவேன். பார்த்தவர்கள் விலை அதிகம் என்று சொல்வதை நிறுத்துவதில்லை. ஏமாற்றுகிறார்கள் என்று சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள்.

2017-இல் மலாக்காவில் லைசென்ஸ் இல்லாமல் மற்றவர்களுக்குப் பிரேசஸ் (பல் கம்பி) மாட்டிய 20 வயதுப் பெண்ணுக்கு 70,000 வெள்ளி அபராதம் போட்டார்கள். கட்ட முடியாமல் சிறைக்குப் போனாள். ஜனங்கள் காசு திரட்டி அவளை வெளியே எடுத்தார்கள். பல் மருத்துவர்கள் கொதித்தார்கள், அது நியாயம்தான். கண்டவர் கையால் கம்பி மாட்டி ஈறு புண்ணாகி வந்த பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும், படித்த டாக்டரை விட்டுவிட்டு அவளுக்காக அத்தனை பேர் பையைத் திறந்தார்களே என்பது பல நாள் மனதை அறுத்தது.

போன மாதம் செக்யூரிட்டி வேலை பார்க்கும் ஓர் அண்ணன் வந்தார். கீழே வலது பக்கக் கடைவாய்ப் பல். ரூட் கெனால் 900, மேலே போடும் கவசம் 1,200, மொத்தம் 2,100. குறைந்தபட்சச் சம்பளமே 1,700 தான். பிடுங்கினால் 120. டாக்டர் கண்ணாடியைக் கொடுத்தார், எக்ஸ்ரேயைக் காட்டினார், காப்பாற்றக்கூடிய பல் என்றும் சொன்னார். தவணையில் கட்டலாம் என்றார். அரசாங்க கிளினிக்குக்குக் கடிதம் தருகிறேன் என்றும் சொன்னார். அண்ணன் வெளியே வந்து தாளை வெகுநேரம் பார்த்தார்.

"நீயா இருந்தா என்னம்மா செய்வ?"

"காப்பாத்தத்தான் பார்ப்பேன், அண்ணே."

"ம். எனக்கும் ஆசதான். ஆனா பொண்ணு ஃபாரம் சிக்ஸ். தவணைன்னா அதுவும் கடன்தானே. அரசாங்கத்துல காத்திருக்கிற வரைக்கும் வலி தாங்காது." அப்புறம், "டாக்டர் மேல சந்தேகமில்லம்மா. அவர்கிட்ட சொல்லிடு" என்றார்.

டாக்டரிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கையுறை மாட்டினார். மரத்துப்போக ஊசி போட்டு, பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார். தட்டில் கிடந்தது பல், இரண்டு வேரும் முழுசாக. அண்ணன் பஞ்சைக் கடித்தபடியே கையை நீட்டிக் கேட்டார். கழுவி, வெள்ளைத் தாளில் மடித்துக் கொடுத்தேன்.