விண்வெளிக்காக உடம்பை மாத்தலாமோ?

உயர்தர உயிரியல் படிக்கிற யாழ்ப்பாணப் பிள்ளையள் இதைக் கட்டாயம் கதைக்கவேணும்.

நிறையற்ற நிலையில இடுப்பெலும்பின்ர அடர்த்தி மாதத்துக்கு 1 தொடக்கம் 1.5 வீதம் குறையும். நாளுக்கு இரண்டு மணித்தியால உடற்பயிற்சியோட வாரத்துக்கு 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் எண்ட எலும்புத் தேய்வுக் குளிசை குடுத்தால் இழப்பு நல்லாக் குறையுது. குளிசையை நிப்பாட்டலாம். பரம்பரையலகைத் திருத்தினால்? எல்ஆர்பி5 எண்ட பரம்பரையலகில வாற சில மாற்றங்கள் எலும்பை இறுக்கும். அது உள்ள சிலருக்குத் தாடை தடிக்கும், அண்ணத்தில எலும்பு புடைக்கும். பூமிக்கு வந்தாப் பிறகும் அது போகாது.

கதிர்வீச்சு இன்னும் சிக்கல். நீர்க்கரடி எண்ட நுண்ணிய விலங்கின்ர டிசப் புரதம் மனிதக் கலங்களில எக்ஸ் கதிர்ச் சேதத்தை ஏறத்தாழ 40 வீதம் குறைச்சது எண்டு 2016இல டோக்கியோ ஆய்வாளர்கள் காட்டினவை. ஆனால் அது ஆய்வுகூடத்தில வளர்த்த கலம், முழு மனிசன் இல்லை. நரம்புக்கலங்களில அதே புரதம் கேடு செய்ததும் பதிவாகியிருக்கு.

என்ர பெரிய கவலை சம்மதம். "திருத்தினாத்தான் பயணக்குழுவில இடம்" எண்டு சொன்னாப் பிறகு வைக்கிற கையெழுத்து சுதந்திரமானதில்லை. 2018இல சீனாவில ஹெ ஜியான்குயி எண்ட ஆய்வாளர் செய்ததுபோல முளையத்தின்ர பரம்பரையலகில கை வைக்கிறது அதைவிட மோசம். பிறக்கப்போற பிள்ளையிட்ட ஆரும் கேக்கேலாது.

முதல்ல விண்கலத்தின்ர கதிர்வீச்சுக் கவசத்தைத் தடிப்பாக்குங்கோ, பயண நாளைக் குறையுங்கோ. போதாட்டி, நிப்பாட்டக்கூடிய மருந்து. பரம்பரையலகு கடைசி.