1918-ஐச் சொல்வார், 1921-ஐச் சொல்லமாட்டார்

பெரம்பூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஃபேக்டரிகளுக்கு வருகைப்பதிவும் சம்பளக் கணக்கும் பார்க்கிற மென்பொருள்தான் எங்கள் சரக்கு. முதலாளியின் தாத்தா பின்னி மில்லில் நெசவுக்காரர், அப்பாவும் அங்கேதான், 1996-ல் மில் மூடியபோது வேலை போனவர். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் புதிதாகச் சேருகிற யாருக்கும் முதல் வாரமே 1918 கதை உண்டு: சாப்பிட அரை மணி நேரம் போதவில்லை என்று மில் ஆட்கள் குமுறியது, அவர்களுக்காக வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் எல்லோரும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது.

வெறும் பேச்சில்லை. ஐந்து நிமிடம் லேட்டானால் தானாகவே அரைநாள் சம்பளம் பிடிக்கிற வசதி வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார், பெரிய ஆர்டர். "எங்க தாத்தா பட்டதை நான் கோடு எழுதி விக்க மாட்டேன்பா" என்று முதலாளி மறுத்துவிட்டார். அந்த மாதம் எங்கள் சம்பளமே தள்ளித்தான் வந்தது, ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை.

1921 மட்டும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அந்த வருடம் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் மில்லுக்குத் திரும்ப, அது சாதிச் சண்டையாகி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடும் நடந்தது. என் பாட்டி புளியந்தோப்பு, எங்கள் வீட்டில் மில் என்றாலே அந்தக் கதைதான், வாடியா பெயரை நான் ஆபீசில்தான் முதலில் கேட்டேன். "நம்ம ஆபீஸ்ல சாதியெல்லாம் கிடையாது" என்று அவர் சொல்வது பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் வீட்டில் சொன்ன கதையில் அது இல்லை, அவ்வளவுதான்.

அப்பாவிடமிருந்து அவருக்கு வந்தது வேறு. சங்கம் இருந்தும் மில்லைக் காப்பாற்ற முடியவில்லையே என்கிற கசப்பு. 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் படம் அவர் அறையில் மாட்டியிருக்கிறது, அந்தப் படத்துக்குக் கீழே நின்றுதான் ராத்திரி வேலைக்கான ஓவர்டைமை எழுத்தில் கொடுங்கள் என்று நாங்கள் நாலைந்து பேர் கேட்டோம். "என்னப்பா, கூட்டமா வந்துட்டீங்க?" என்றார். தனியாகப் போனால் கேட்டதற்கு மேலேயே கொடுப்பவர்தான், எனக்கே கொடுத்திருக்கிறார். சேர்ந்து போனதுதான் உறுத்தியது. ஓவர்டைம் கணக்குதான் எங்கள் மென்பொருளில் வாடிக்கையாளர்கள் ரொம்பப் புகழ்கிற விஷயம். எங்களுடையது மட்டும் இன்றுவரை அவர் வாய்க்கணக்கில்தான் ஓடுகிறது.