துகில் ராத்திரியும் மூன்று பேரும்

மேற்கே பண்ருட்டி, வடக்கே பாகூர், வில்லியனூர் வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் தெருக்கூத்து ஆடப் போவோம். அண்ணன் துச்சாதனன் வேஷம், நான் பாஞ்சாலி வேஷம், தம்பி ஜனங்களைச் சிரிக்க வைத்துக் கதையை நடத்தும் கட்டியங்காரன். கூடப் பிறந்தவர்கள் இல்லை, ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள். ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துக் கொடுக்கும்போதே, “துகில் அன்னிக்கு மூணு பேரும் இருக்கணும்” என்பார்கள். துகில் என்றால் பாஞ்சாலியின் சேலையைத் துச்சாதனன் உரியும் கதை. ஜமாவில், அதாவது எங்கள் கூத்துக் குழுவில், எத்தனை பேர் இருந்தாலும், திரௌபதி அம்மன் விழாவில் அந்த ராத்திரி எங்கள் பொறுப்பு.

ஆடிக்கொண்டே பாடுகிறவனுக்கு வயசானது முதலில் மூச்சில்தான் தெரியும். கிறிக்கி என்கிற சுழல் ஆட்டம் சுற்றி நின்ற கையோடு பாட்டின் அடுத்த அடியை மேலே எடுக்க வேண்டும். முகவீணை என்கிற சின்னக் குழலை ஊதுகிறவர் சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடுகிறவர்கள் அந்த அடியைத் திருப்பிப் பாடும் நேரம்தான் எனக்கு மூச்சு வாங்கக் கிடைக்கும் நேரம். பின்பாட்டு கொஞ்சம் அவசரப்பட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ராத்திரி இரண்டு மணிக்கு மேல் என் குரல் இறங்குவதை அண்ணன் என் தோளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். உடனே வசனத்தை நீட்டுவார். தம்பி குறுக்கே புகுந்து ஜனங்களிடம் பேச்சுக் கொடுப்பான். அதற்குள் நான் திரைக்குப் பின்னால் போய் இரண்டு மடக்கு சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருப்பேன். எதிரே உட்கார்ந்திருக்கும் ஜனத்துக்கு இது கதையின் போக்காகத்தான் தெரியும். எங்கள் தொழிலில் நான் பெரிய வித்தையாக மதிப்பது இதைத்தான்.

துச்சாதனன் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். அண்ணன் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையுமாக அம்மனைப் பார்த்து, “தாயே, இது வேஷம், வயித்துப்பாடு, குத்தம் பொறுத்துக்கோ” என்று கும்பிடுவார். பிறகு என் பக்கம் திரும்பி என்னையும் கும்பிடுவார். சாயங்காலம் என்னோடு ஒரே இலையில் சாப்பிட்ட மனுஷன், கண்ணில் தண்ணீரோடு நிற்பார். அதற்கப்புறம் என்னிடமிருந்து வரும் பாட்டு ஒத்திகையில் ஒரு நாளும் வந்ததில்லை.

பங்குனியில் தொடங்கினால் ஆடி வரைக்கும் வேலை இருக்கும். மற்ற மாதங்களில் கரும்பு வெட்டு, முந்திரித் தோப்பு, கிடைத்த கூலி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது எங்கள் கூலியும் போனது, ஊர்க்காரர்கள் விழாவுக்குக் கொடுக்கும் வரியும் போனது. அதையும் தாண்டி வந்தோம். 2020இல் ஊரடங்கு சரியாகப் பங்குனியில் வந்தது. சீசன் முழுக்கச் சலங்கை பெட்டியிலேயே கிடந்தது. தம்பி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்த வேலைக்குப் போனவன், அங்கேயே நின்றுவிட்டான். மாசச் சம்பளம், பிள்ளைகள் படிப்பு. போகாதே என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அவன் இடத்துக்கு வந்த பையன் நல்ல சிரிப்புக்காரன். ஆனால் கண் முழுக்க ஜனத்தின் மேல்தான் இருந்தது, எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நான் மூச்சுக்குத் திணறும்போதும் அவன் அடுத்த பாட்டை எடுத்துவிடுவான். இப்போது பழகிவிட்டான்.

நவம்பர் 13 வந்தால் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதிக்குப் போவேன். அவர் இசை நாடகக்காரர், நாங்கள் கூத்துக்காரர்கள். இருந்தாலும் போவேன். ஒரே ராத்திரியில் முழு நாடகத்தையும் எழுதிக் கொடுத்தவர், கடைசிக் காலத்தில் பக்கவாதத்தில் பேச்சிழந்து 1922இல் இந்த ஊரில்தான் கண்ணை மூடினார். பாடிப் பிழைக்கிறவன் அங்கே போய் நின்றால் தன் தொண்டையைப் பற்றி நினைக்காமல் திரும்ப முடியாது.

அண்ணனுக்கு இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. கிரீடமும் புஜக்கட்டையும் போடும் கட்டை வேஷம் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடுகிறார். ஆட முடியாதவர்கள் அங்கே போய் உட்காருவது எங்களில் வழக்கம்தான். சம்பளத்தைக் குறைப்பதும் வழக்கம். இது அநியாயம் என்று நான் வெளிப்படையாகவே சொல்லி வருகிறேன். துகிலில் நான் எடுக்கும் ஒவ்வொரு அடியையும் அவர்தான் வாங்கித் தாங்குகிறார். அவர் தாங்காவிட்டால் நான் ஆட முடியாது.

வரும் சீசனிலிருந்து வேஷத்துக்கும் பின்பாட்டுக்கும் ஒரே பங்கு வேண்டும் என்று வாத்தியாரிடம் கேட்டிருக்கிறேன். “மத்த வேஷக்காரங்க ஒத்துக்கணுமேப்பா” என்கிறார். ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டு வருகிறேன். என்னோடு முதலில் சேர்ந்து நின்றவன் அந்தக் கட்டியங்காரப் பையன்தான்.