மேஜர் சரவணனைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

திருச்சி கண்டோன்மென்ட் பக்கம் போய்வருகிறவர்களுக்கு மேஜர் சரவணன் நினைவிடம் தெரியாமல் இருக்காது. ஆனால் அவர் என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். "கார்கில்ல வீரமரணம் அடைஞ்சவர்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அவனுக்கு மீதியைச் சொன்னவர் என் அப்பா. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

1999 மே மாதம். கார்கில் பகுதியில் சிந்து நதி ஓடும் பக்கம் பட்டாலிக். அங்கே ஜுபார் என்ற மலையில் எதிரிகள் ஏற்கெனவே ஏறி, கல்லை அடுக்கி, பதுங்குமிடம் கட்டிக்கொண்டு இருந்தார்கள். உயரம் 14,000 அடிக்கு மேல். அதை மீட்கும் வேலை பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனுக்கு வந்தது. மே 29 விடிவதற்கு முன்னால் தன் ஆட்களோடு ஏறினார் சரவணன்.

இந்த இடத்தில் அப்பா கதையை நிறுத்திவிட்டார். "அந்த உயரத்துல சும்மா பத்தடி நடந்தாலே நெஞ்சு அடைக்கும்டா. முதுகுல மூட்டை, கையில துப்பாக்கி. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மேல இருக்கறவனுக்கு நீ வர்றது நல்லாத் தெரியும்" என்றார். லடாக்கில் வேலை பார்த்தவர் என்பதால் அவர் சொல்லும்போது அது வெறும் எண்ணாக இல்லை. 14,000 என்பதை என் மகன் அன்றைக்குத்தான் உண்மையாகக் கேட்டான் என்று நினைக்கிறேன்.

குண்டுமழைக்கு நடுவில் ராக்கெட் லாஞ்சரைத் தோளில் வைத்து எதிரியின் பதுங்குமிடத்தை நோக்கிச் சுட்டார் சரவணன். இரண்டு பேர் விழுந்தார்கள். அப்புறம் சிதறல் பட்டு அவருக்கே காயம். அதோடு பின்வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பின்வாங்கவில்லை. சண்டையைத் தொடர்ந்து, மேலும் இருவரை வீழ்த்திய பிறகு, தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 26.

அதே தாக்குதலில் இறந்த இன்னொருவர் நாயக் கணேஷ் பிரசாத் யாதவ், பீகார்க்காரர். இருவருக்கும் மரணத்துக்குப் பின் வீர் சக்ரா கொடுத்தார்கள். சரவணனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ராமேஸ்வரத்தில் பிறந்த ஒரு பிள்ளை பீகார் படைக்கு அதிகாரியாகப் போய், அவர்களுக்கு முன்னால் நின்று மலையேறியிருக்கிறார். அவரை நம்பிப் பின்னால் ஏறியவர்களை விட்டுவிட்டு அவரை மட்டும் எப்படிச் சொல்வது?

அன்று அந்த மலை கைக்கு வரவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் சண்டை நடந்து, ஜூலையில்தான் ஜுபார் நம்மிடம் வந்தது. அதுவரை சரவணனின் உடல் அந்த மலையிலேயே கிடந்தது. இறந்துவிட்டார் என்று செய்தி வந்துவிட்டது, உடல் வரவில்லை. அப்போது நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். அப்பா வடகிழக்கில் பணியில் இருந்தார். கார்கில் செய்தி வரும் பேப்பரை அம்மா முதலில் தான் படித்துவிட்டுத்தான் எங்கள் கையில் கொடுப்பார். இன்னொரு வீட்டில் ஒரு தாய் நாள் கணக்கில் பிள்ளையின் உடலுக்காகக் காத்திருப்பதை அம்மாவால் தாங்க முடியவில்லை. அந்தக் காத்திருப்பை எந்தக் கல்வெட்டிலும் எழுத முடியாது. ஆனால் பிள்ளைகளிடம் அதைச் சொல்லாமல் விட்டால், தியாகம் என்பது வெறும் மேடைப் பேச்சாகிவிடும்.

திருச்சியிலேயே காந்தி மார்க்கெட் பக்கம் இன்னொரு நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 302 பேர் போனார்கள், அவர்களில் 41 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அந்தக் கல்வெட்டு சொல்லும். காய்கறி மூட்டைக்கும் லோடு ஆட்டோவுக்கும் நடுவே அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அந்த 41 பேர் யார் யார், எந்தத் தெரு, எந்தக் கடலைத் தாண்டிப் போனார்கள்? அவர்கள் கதையைச் சொல்ல வீட்டில் ஒருவர் இருந்திருப்பார். அவருக்குப் பின் அதைக் கேட்டு வைத்தவர் இல்லாமல் போயிருக்கும். சரவணன் விஷயத்தில் அப்படி ஆகக்கூடாது. அவரோடு பணியாற்றியவர்கள், அந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

மே 29 கோடை விடுமுறையில் வருவதால் அன்று பள்ளிகள் பிள்ளைகளை அழைத்து வர வழியில்லை. கார்கில் வெற்றி தினமான ஜூலை 26 அப்படியில்லை. மலர் வளையம் வைத்து, சல்யூட் அடித்து, படம் எடுத்துக்கொண்டு கலைவதோடு நிறுத்தாமல், ஒரு பத்து நிமிடம் அந்த மே 29 காலையை ஒருவர் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பேச முன்னாள் ராணுவத்தினரைக் கூப்பிடுங்கள். நம் ஊரில் அவர்களுக்குப் பஞ்சமில்லை, மிலிட்டரி கேன்டீன் வாசலில் போய் நின்றாலே பத்துப் பேர் கிடைப்பார்கள். வீர் சக்ரா மெடல் எப்படியிருக்கும் என்று காட்டுங்கள்: வட்டமான வெள்ளிப் பதக்கம், அதில் ஐந்து முனை நட்சத்திரம், பாதி கருநீலமும் பாதி காவி ஆரஞ்சுமாக ரிப்பன். போர்க்கால வீரத்துக்குப் பரம் வீர் சக்ராவுக்கும் மகா வீர் சக்ராவுக்கும் அடுத்தது அது என்பதையும் சொல்லுங்கள். கேள்வி கேட்க விடுங்கள். என் மகன் கேட்டது, "தாத்தா, அவருக்குப் பயமா இருந்திருக்காதா?" அப்பா சொன்ன பதில், "இருந்திருக்கும்டா. இருந்தும் ஏறினார்."

வரும் ஜூலை 26 காலையில் அப்பா சரவணன் நினைவிடத்தில் இருப்பார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் வாருங்கள், அவரே சொல்லுவார்.