தைதுங்கில் அப்பாவுக்காக ஒரு சிலுவைப் பாதை

அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கிடந்தபோது அம்மா, இயேசுவை வளர்த்த தச்சர் சூசையப்பரிடம் நேர்ந்துகொண்டார். அவர் எழுந்து நடந்தால், பெரியவன் எந்த நாட்டில் இருக்கிறானோ அங்கே அப்பா பேரில், ஆண்டவரின் பாடுகளை நினைத்துப் பதினாலு ஸ்தலங்களில் செபிக்கிற சிலுவைப் பாதை செய்வான் என்று. என்னைக் கேட்கவில்லை. நேர்ச்சையில் பிள்ளைகளை யார் கேட்கிறார்கள்! அப்பா இப்போது திண்டுக்கல்லில் தடி இல்லாமல் பூசைக்குப் போய் வருகிறார். கடனை அடைக்க வேண்டியவன் நான், இருப்பது தைவானில்.

நான் இருக்கிற ஊரிலேயே கோவில் உண்டு. ஆனால் கிழக்குக் கரையிலுள்ள தைதுங்கில் தச்சு வேலைக்குப் பேர்போன ஒரு தொழிற்பள்ளி இருக்கிறது, அதன் மேல்மாடியில் ஒரு கோவில் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "தச்சர்கிட்டதானே நேர்ந்தேன், அங்கேயே போ சாமி" என்று அம்மா முடித்துவிட்டார்.

ஜூலையில் தைதுங் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: போகாதீர்கள். பக்கத்து லூயே மேட்டில் பலூன் திருவிழா. ரயில் டிக்கெட் அடித்துப்பிடித்துத்தான் கிடைக்கும். ஸ்டேஷன் வாசலில் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான் பள்ளிக்கூடம் என்கிறேன், அவர் பலூன் என்கிறார். கடைசியில் அவர் கேட்ட காசைக் கொடுத்து ஏறினேன். சூசையப்பர் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

பள்ளியின் பெயர் குங்துங். சுவிட்சர்லாந்தின் பெத்லகேம் மறைபரப்புச் சபையைச் சேர்ந்த யாக்கோப் ஹில்பர் சாமியார் 1960-இல் தொடங்கியது. இந்தக் கரையோரத்து ஏழைப் பையன்களுக்கும் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் பிழைக்க ஒரு கைத்தொழில் வேண்டும் என்று ஐரோப்பாவிலிருந்து தொழில் ஆசான்களையே வரவழைத்தார். கட்டடத்தை வரைந்தவர் சுவிஸ்காரர் யூஸ்துஸ் தாஹிண்டன். உகாண்டா மறைசாட்சிகளின் நமுகோங்கோ திருத்தலமும் பிற்பாடு இவர் கைவண்ணம்தான். கோபுரம், வளைவு, வெள்ளைச் சுண்ணாம்பு என்று நாம் கோவிலில் தேடுகிற எதுவும் இங்கே இல்லை. கீழே படிப்பு, நடுவில் பையன்கள் தங்கும் விடுதி, எல்லாவற்றுக்கும் மேலே ஆண்டவர்.

வெளிச்சுவர் பக்கத்தில் போனதும் நின்றுவிட்டேன். பூச்சு இல்லாத வெறும் கான்கிரீட். கான்கிரீட் வார்க்க அடிக்கிற சென்ட்ரிங் பலகைகளின் அச்சு அப்படியே தெரிகிறது: பலகைக்குப் பலகை ஒரு கோடு, நடுவில் மரத்தின் ரேகை. அப்பா முப்பது வருஷத்துக்கும் மேல் சென்ட்ரிங் அடித்தவர். நம் ஊரில் பலகையைப் பிரித்ததுமே கொத்தனார் வந்து பூசிவிடுவார். அப்பா வேலை செய்த வீடு என்று ஆயிரம் காட்டலாம், அவர் வேலையைக் காட்ட முடியாது. இங்கே பேர் தெரியாத யாரோ ஒரு தச்சரின் வேலையைக் கோவில் சுவராகவே விட்டுவைத்திருக்கிறார்கள். கை வைத்துத் தடவிப் பார்த்தேன். சொரசொரப்பு உள்ளங்கையில் இருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

மேலே ஏறினால் கோவிலுக்குள் மங்கல், பீடத்தின்மேல் மட்டும் மேலிருந்து வெளிச்சம். சிலுவைப் பாதை படங்களாக இல்லை, வண்ணக் கண்ணாடிகளாக இருக்கிறது. நமக்குப் பழகிய உருவங்கள் இல்லாததால் முதலில் எந்த ஸ்தலம் எது என்று தடுமாறினேன். அப்புறம் பழகிவிட்டது. ஆண்டவர் முதல்முறை விழுகிற மூன்றாம் ஸ்தலத்தில் முழந்தாளிட்டவன்தான், செபம் வாயில் வரவில்லை. சாரம், ஆஸ்பத்திரி, அம்மாவின் செபமாலை எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சை அடைத்தது. நான்காம் ஸ்தலத்துக்கு எப்போது நகர்ந்தேன் என்று தெரியாது. பின்னால் இரண்டு பேர் போட்டோவுக்கு விதவிதமாக நின்றுகொண்டிருந்தார்கள். கோபம்கூட வரவில்லை. எங்கள் சூசையப்பரே, எழுப்பிவிட்டீரே, அது போதும் ஐயா!

போகிறவர்கள் பள்ளியில் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகள் படிக்கிற இடம்.

வெளியே வந்து அப்பாவுக்கு வீடியோவில் சுவரைக் காட்டினேன். பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னார், இன்னும் பக்கத்தில் என்றார்.

"அப்ப ஏது பிளைவுட்டு, எல்லாம் பலகைதான். சந்துல சிமெண்டுப் பால் ஒழுகாம அடிச்சிருக்கான் பாரு. நல்ல வேலைக்காரன்."

அம்மா போனைப் பிடுங்கி, பதினாலு ஸ்தலமும் முடித்தாயா, நடுவில் விட்டுவிட்டாயா என்று கேட்டார்.