கோட்டாவும் கடற்கரையும்: சனிக்கிழமைக் குறிப்புகள்

2024 ஓகஸ்ட் 3, சனி

மெடிக்கல் பீடத்தில் செக்கன்ட் எம்.பி. என்ற இரண்டாம் கட்டப் பரீட்சைக்குப் படிப்பு விடுமுறை. வன்னிப் பிள்ளைகளாகப் பார்த்து ஒரு சீனியர் அண்ணை கிளிநொச்சியில் கூட்டிவிட்டார். மன அழுத்தத்தைக் கையாளக் குழுப் பயிற்சியாம், சனி தோறும். அம்மாவிடம் சொன்னேன். "உனக்கென்ன அழுத்தம்? மூண்டு நேரமும் சமைச்சுத் தாறன்தானே" என்றார்.

முதல் வேலை ஒரு வினாத்தாள். கடந்த ஒரு மாதத்தில் எத்தனை தரம் எரிச்சல் வந்தது, எத்தனை தரம் எதுவும் கைக்குள் நிற்கவில்லை என்று தோன்றியது என்று 10 கேள்விகள், மொத்தம் 40 புள்ளி. மெடிக்கல் பிள்ளைகளின் குணம் போகுமா, பக்கத்தில் இருப்பவருக்கு எவ்வளவு என்று எட்டிப் பார்த்தோம்.

பிறகு மனநல டொக்டர் 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வைச் சொன்னார். 43 நாடுகளின் மருத்துவ மாணவர்களில் 27.2 சதவீதத்தினருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தனவாம். அப்படி இருந்தவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் 15.7 சதவீதம்தான். முதல் எண்ணை விட இரண்டாவதுதான் எனக்கு உறைத்தது. எப்படிப் போவது? கிளினிக் வாங்கிலில் நாங்கள் இருக்க, உள்ளே துண்டு எழுதுவது எங்கள் சீனியராக இருக்கும்.

ஓகஸ்ட் 10

தசைத் தளர்வுப் பயிற்சி. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வைத்தியர் 1920களில் எழுதி வைத்த முறை. முஷ்டியை இறுக்கி, சில வினாடி வைத்திருந்து விட வேண்டும். அப்படியே தோள், தாடை, வயிறு, கால். "இறுக்கினால்தான் எவ்வளவு இறுகியிருந்தது என்று விடும்போது தெரியும்" என்றார் பயிற்சி நடத்திய அக்கா. உண்மைதான். என் தாடை எப்போதும் கடித்தபடியே இருந்திருக்கிறது. பின் வரிசையில் ஒருவன் குறட்டை விட்டான், யாரும் எழுப்பவில்லை.

1998இல் வந்த ஓர் ஆய்வையும் சொன்னார்கள். பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீற்றர் காயம், ஒருமுறை கோடை விடுமுறையில், மறுமுறை பரீட்சைக்கு 3 நாள் முன்பு. பரீட்சைக் காலக் காயம் ஆற 40 சதவீதம் கூடுதல் நாள் எடுத்ததாம். இதை வீட்டில் சொன்னால் அம்மா நம்பக்கூடும். அழுத்தம் என்றால் விளங்காது, புண் ஆறாது என்றால் விளங்கும்.

ஓகஸ்ட் 17

இன்று கற்பனைப் பயிற்சி. கண்ணை மூடச் சொல்லி, அக்கா தாளைப் பார்த்து வாசித்தார். "நீங்கள் அமைதியான ஒரு கடற்கரையில் நடக்கிறீர்கள். அலை மெல்ல வந்து காலை நனைக்கிறது…"

முல்லைத்தீவுப் பிள்ளை ஒருத்தி கண்ணைத் திறந்துவிட்டாள். "அக்கா, வேற இடம் நினைக்கலாமோ?"

அதன் பிறகுதான் பார்த்தேன், இன்னும் மூன்று பேர் ஏற்கனவே கண்ணைத் திறந்திருந்தார்கள். 2004இல் கடல் வந்த கரை அது. 2009இல் சனம் ஒதுங்கிய கரையும் அதுதான். எங்கோ குளிர்நாட்டில் எழுதிய தாள் இதை எப்படி அறியும்? அக்கா தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அவரவர் இடத்தை அவரவரே தேடச் சொன்னார். ஒருவன் இரணைமடுக் குளக்கட்டு என்றான். அவள் தங்கள் வீட்டு மாட்டுக்கொட்டில் என்றாள், சாண மணத்தோடு. மனசுக்குள் நானும் அங்கேதான் போனேன்.

ஓகஸ்ட் 24

யாரும் தொடாத பேச்சு இன்று வெளியே வந்தது: கோட்டா, அதாவது மாவட்ட ஒதுக்கீடு. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 மாவட்டப்படி, மிச்சம் 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னி மாவட்டங்கள் அந்த 5 சதவீதத்துக்குள்ளும் வருகின்றன. வைவா என்ற வாய்மொழிப் பரீட்சையில் பதில் வராவிட்டால் எவருக்கும் வியர்க்கும். எங்களுக்கு அதோடு இன்னொன்றும் ஓடும், 'கோட்டாவில வந்ததுதானே என்று நினைக்கிறாரோ?' இதை மன்னார்ப் பெண் ஒருத்தி சொன்னாள். எங்கள் பட்ச்சில் அனாடமியில் முதலாவதாக வருபவள்! அவளுக்கும் ஓடுகிறதென்றால்?

எண்ணத்தை ஒரு பக்கமும் ஆதாரத்தை மறுபக்கமும் எழுதச் சொன்னார் டொக்டர். விடைத்தாளில் சுட்டெண் மட்டும்தான், மாவட்டம் இல்லை என்று எழுதினேன். கொஞ்சம் இலேசானது. ஆனால் எல்லார் முன்னாலும் "எந்த மாவட்டம், இசட் எவ்வளவு?" என்று ஏ.எல். இசட் புள்ளியைக் கேட்பவர்கள் இருக்கிறார்களே. அதற்கு எந்தத் தசையைத் தளர்த்துவது? கேட்டேவிட்டேன். "அது உங்கட வருத்தமில்லை தம்பி. எழுதித் தாங்கோ, கொண்டுபோய்க் குடுப்பம்" என்றார்.

ஓகஸ்ட் 31

பயிற்சி சுருக்கம்தான், பரீட்சை கிட்டிவிட்டது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐப் பலகையில் எழுதினார்கள். ஒருவன் அதை 'மாமா' என்று சேமித்தான், அறைத் தோழன் பார்த்தால் என்ன நினைப்பானாம்.

மிச்ச நேரம் முழுக்க, மாவட்டமும் இசட்டும் கேட்பதைப் பற்றிய அந்தக் கடிதம். 'தயவுசெய்து' போடுவதா வேண்டாமா என்றே அரை மணி நேரம் சண்டை. மன்னார்க்காரி வேண்டாம் என்றாள், நானும் அவள் பக்கம். கடைசியில் போட்டார்கள். கையெழுத்தை மட்டும் எல்லோரும் வைத்துவிட்டோம், பெயருக்குப் பக்கத்தில் மாவட்டத்தையும் எழுதி.